மிகையூட்டம்: ஏரி பச்சையாவதற்குப் பின்னால் இருக்கும் சொல்லும் அதைச் சரியாகப் பயன்படுத்தும் முறையும் – முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கம். ஊர் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்த பெரியவர் ஒருவர், ஒரு சித்திரை மாத விடியற்காலையில் என்னைக் கரைக்குக் கூப்பிட்டுக் காட்டினார். கட்லாவும் ரோகுவும் வெள்ளை வயிறு தெரிய ஓரம் ஒதுங்கிக் கிடந்தன. தண்ணீர் பச்சை பெயின்ட் கரைத்தது போல இருந்தது. "யாராவது மருந்து கலந்துட்டாங்களா?" என்று கேட்டேன். "மருந்தும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. தண்ணி கொழுத்துப் போச்சு" என்றார்.

சுற்றுச்சூழல் அறிவியலில் யூட்ரோஃபிகேஷன் என்று ஒரு சொல் உண்டு. தமிழில் மிகையூட்டம் என்றும் மிகை உணவூட்டம் என்றும் எழுதுகிறார்கள். அந்தப் பெரியவர் சொன்னது அந்தச் சொல்லின் நேர்ப்பொருள்தான். ஆனால் அப்போது எனக்கு அது தெரியாது. ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒரு மனு எழுதினோம்: "எங்கள் ஏரி மாசடைந்துவிட்டது, ஆகாயத்தாமரையை அகற்றித் தர வேண்டும்." மனுவுக்குப் பலன் கிடைத்தது. ஜேசிபி வந்தது, ஆகாயத்தாமரையை வாரிக் கரையிலேயே குவித்தது, போய்விட்டது. குவித்தது அங்கேயே அழுகி, அடுத்த மழையில் அதன் சாறு முழுக்க ஏரிக்குள் இறங்கியது. தை மாதத்துக்குள் ஏரி மறுபடி மூடிக்கொண்டது.

நாங்கள் கேட்டதைத்தான் செய்து கொடுத்தார்கள். கேட்டதில்தான் பிழை. நடந்துகொண்டிருந்தது என்ன என்பதற்கான சொல் எங்கள் கையில் இல்லாததால், கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதியிருந்தோம். பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கும், ஊர்ப் பிரச்சினைக்கு மனு எழுதுகிறவர்களுக்கும், செய்தி எழுதுகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இந்த ஒரு சொல்லைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதல் படி: சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

யூட்ரோஃபிகேஷன் கிரேக்க வேரிலிருந்து வந்த சொல். 'யூ' என்றால் நல்ல. 'ட்ரோஃபே' என்றால் ஊட்டம். நன்றாக ஊட்டம் பெற்றது என்பதுதான் மூலப்பொருள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த வெபர் என்பவர் சதுப்பு நிலங்களின் ஊட்ட நிலையைச் சொல்ல இந்த வேரைப் பயன்படுத்தினார். அடுத்து ஸ்வீடன் நாட்டு ஏரியியல் அறிஞர் ஐனார் நௌமன், 1919 வாக்கில் அதை ஏரிகளுக்குக் கொண்டுவந்தார். ஊட்டம் குறைந்த ஏரி, ஊட்டம் நிறைந்த ஏரி என்று வகை பிரிக்க உதவிய சாதாரணச் சொல்லாகத்தான் அது இருந்தது. சாக்கடையும் உரமும் சேர்ந்து ஐரோப்பிய, அமெரிக்க ஏரிகளைப் பச்சையாக்கத் தொடங்கிய பிறகுதான், அதுவே ஆபத்தைச் சொல்லும் சொல்லாக மாறியது.

தமிழில் 'மிகை' முன்னால் வந்துவிடுவதால் கெடுதல் என்ற குறிப்பும் கூடவே ஏறிவிடுகிறது. அது தவறில்லை. ஆனால் ஒன்றை மட்டும் மனதில் இருத்திக்கொள்ளுங்கள்: இந்தச் சொல்லுக்குள் விஷம் என்ற பொருள் கிடையாது. உள்ளே இருப்பது சோறுதான், அளவுதான் கூடிவிட்டது. நெல்லுக்கு யூரியாவை அள்ளிப் போட்டவர்களுக்கு இது உடனே புரியும். பயிர் கருகருவென்று எழும்பும், பார்க்கவும் அழகாக இருக்கும், ஒரு காற்றடித்தால் மொத்தமும் சாய்ந்துவிடும். ஏரிக்கு நடப்பதும் இதே கதைதான்.

இனி வரையறை. ஒரு நீர்நிலையில் பாஸ்பரஸ், நைட்ரஜன் ஆகிய ஊட்டங்கள் சேர்ந்துகொண்டே போவது, அதனால் பாசியும் நீர்ச்செடிகளும் பெருகுவது, அந்தப் பெருக்கத்தால் நீரின் தன்மையே மாறிப்போவது – இந்தத் தொடர் நிகழ்வு முழுவதற்குமான பெயர்தான் மிகையூட்டம். 'தொடர் நிகழ்வு' என்ற இரண்டு சொற்களின் கீழ் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீரோ செத்த மீனோ மிகையூட்டம் ஆகாது. இரண்டுமே அதன் விளைவுகள்.

இரண்டாம் படி: சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பின்தொடருங்கள்

சொல்லை மனப்பாடம் செய்தவருக்கும் புரிந்துகொண்டவருக்கும் உள்ள வித்தியாசம் தெரிவது இந்தப் படியில்தான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

ஊட்டம் எங்கிருந்து வருகிறது? முதலில் மனிதக் கழிவு. ஒரு ஆளின் உடலிலிருந்து ஒரு நாளைக்கு 1 முதல் 2 கிராம் வரை பாஸ்பரஸ் வெளியேறுகிறது. அதில் பெரும்பங்கு சிறுநீரில்தான். அப்புறம் சலவைத் தூள், சாணக் குவியல், கோழிப்பண்ணை எரு, ரசாயன உரம். டிஏபி உர மூட்டையின் மேல் 18-46 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 18 என்பது நைட்ரஜன் சதவீதம். 46 என்பது பாஸ்பரஸ் பென்டாக்சைடு. 50 கிலோ மூட்டையில் அது 23 கிலோ; அதிலிருக்கும் தனிப் பாஸ்பரஸ் கிட்டத்தட்ட 10 கிலோ. ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளிக்குப் போட்டதாக இருந்தாலும், ஓசூர் பக்கம் பசுமைக்குடில் ரோஜாவுக்குப் போட்டதாக இருந்தாலும், செடி எடுத்தது போக மிச்சத்தில் ஒரு பகுதி மண்ணோடு ஒட்டிக்கொண்டு பெருமழையில் ஓடைக்கு இறங்குகிறது.

பாஸ்பரஸ் ஏன் இவ்வளவு முக்கியம்? பாசியின் உடலில் 106 கார்பன் அணுவுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ் என்ற விகிதம் பொதுவாகக் காணப்படுகிறது. ரெட்ஃபீல்டு விகிதம் என்று இதைச் சொல்வார்கள். இந்தக் கணக்குப்படி ஒரு கிராம் பாஸ்பரஸ் கிடைத்தால் 100 கிராமுக்கும் மேல் பாசி உருவாகலாம், அதுவும் காய்ந்த எடையில். நனைந்த எடை இன்னும் பல மடங்கு. கார்பனைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நைட்ரஜனையும் சில நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருந்தே பிடித்துக்கொள்ளும். பாஸ்பரஸ் மட்டும் அப்படிக் காற்றில் கிடைக்காது. நிலத்திலிருந்து வந்தால்தான் உண்டு.

இதைக் கண்ணால் காட்டிய சோதனை ஒன்று கனடாவில் நடந்தது. டேவிட் ஷிண்ட்லர் என்ற ஏரியியலாளரின் குழு 1973இல் ஒன்டாரியோ மாநிலத்தில், 226 என்று எண்ணிட்ட ஒரு சிறிய ஏரியை நடுவில் திரை கட்டி இரண்டாகத் தடுத்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் கலந்தார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பாதி மட்டும் பச்சையாகிப் போனது. மேலிருந்து எடுத்த படத்தில், ஒரே ஏரியின் ஒரு பாதி கருநீலமாகவும் மறு பாதி வெளிர்பச்சையாகவும் தெரியும். சலவைத் தூளில் பாஸ்பேட்டைக் குறைக்க வேண்டும் என்ற வாதத்துக்கு அந்த ஒரு படம் செய்த உதவியைப் பல அறிக்கைகள் செய்திருக்காது என்பது என் எண்ணம். நைட்ரஜனுக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்; கடலோரங்களில் அதன் பங்கு பெரிது. நம் ஏரி, அணைகளைப் பற்றிப் பேசும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி பாஸ்பரஸ்.

அடுத்த கண்ணி வெளிச்சம். மேலே பாசி படர்ந்ததும் அடியில் வெயில் இறங்காது. அடிநீர்ச் செடிகள் சாகும். பாசியும் ஆயுள் முடிந்து அடியில் படியும். அதை மட்கச் செய்யும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தின்னும்.

பெரியவர் என்னை விடியற்காலையில் கூப்பிட்டதற்கான காரணம் அடுத்த கண்ணியில் இருக்கிறது. பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடும். மதியம் சோதித்தால் பச்சை ஏரியில் ஆக்சிஜன் தாராளமாகவே இருக்கும். இரவில் ஒளிச்சேர்க்கை கிடையாது. பாசி, மீன், பாக்டீரியா எல்லாமே மூச்சு மட்டும் விடும். சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் மிகக் கீழே போகும். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் அதிகபட்சம் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவு ஆக்சிஜனைத்தான் பிடித்து வைக்கும். கோடையில் கையிருப்பே குறைவு. அதுவும் 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து காற்றைக் குடிக்கும். அப்படிச் சில மணி நேரம் நீடித்தால் சாகும். சித்திரை மாதம், விடியற்காலை, பச்சைத் தண்ணீர் – மூன்றும் சேர்ந்தால் நடப்பது இதுதான்.

கடைசிக் கண்ணியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏரியின் அடிச்சேற்றில் பாஸ்பரஸ் இரும்போடு பிணைந்து உறங்கிக் கிடக்கும். அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் அந்தப் பிணைப்பு அவிழ்ந்து பாஸ்பரஸ் மறுபடி தண்ணீருக்கு ஏறும். இதை உள்சுமை என்கிறார்கள். சாக்கடையை நிறுத்திய பிறகும் சில ஏரிகள் ஆண்டுக்கணக்கில் பச்சையாகவே இருப்பது இதனால்தான். முந்தைய கடன் முழுக்கச் சேற்றில் இருக்கிறது.

மூன்றாம் படி: பக்கத்துச் சொற்களிலிருந்து பிரித்தெடுங்கள்

மிகையூட்டத்தையும் வேறு வகை மாசுகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது எங்கள் மாவட்டத்தில் கெலவரப்பள்ளி அணையில் தொடங்குகிறது. தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, தட்சிண பினாகினி என்ற பெயரில் பெங்களூரின் கிழக்கு ஓரமாக இறங்கி, ஓசூர் அருகே தமிழ்நாட்டுக்குள் வருகிறது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரிநீரும் அந்த ஆற்றில்தான் சேர்கிறது. ஆறு தமிழ்நாட்டில் சந்திக்கும் முதல் அணை கெலவரப்பள்ளி. அங்கே மதகு திறந்தால் வெள்ளை நுரை மலை போல எழும்புவதையும், தரைப்பாலத்தை மூடுவதையும் நாம் பார்த்திருக்கிறோம். உடனே 'மிகையூட்டத்தால் நுரை' என்று எழுதிவிடுகிறார்கள்.

நுரையின் முதல் காரணம் வேறு. சோப்பு, சலவைத் தூள்களில் இருக்கும் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்கள் முழுதாக மட்காமல் வந்து, மதகில் விழும் வேகத்தில் காற்றோடு அடிபட்டு நுரைக்கின்றன. அது வேதிக் கழிவின் அடையாளம். அதே சாக்கடையில் பாஸ்பரஸும் நைட்ரஜனும் கலந்தே வருவதால், நுரை வந்த அதே ஆறு கீழே கிருஷ்ணகிரி அணையின் தேங்கிய நீரில் மிகையூட்டத்துக்கும் தீனி போடுகிறது. தாய் ஒன்று, பிள்ளைகள் இரண்டு. ஓடும் இடத்தில் நுரை, தேங்கும் இடத்தில் பச்சை. இந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரிந்தால், 'கெலவரப்பள்ளியில் நுரை குறைந்துவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது' என்று யாராவது சொல்லும்போது, 'சரி, பாஸ்பரஸ் எவ்வளவு?' என்று திருப்பிக் கேட்க முடியும்.

மாசு பெரிய குடை. சாய ஆலைக் கழிவு, கன உலோகம், பூச்சிமருந்து எல்லாம் அதன் கீழ் வரும். மிகையூட்டம் அந்தக் குடைக்குள் ஒரு வகை மட்டுமே. தர்மபுரியின் ஆழ்துளைக் கிணறுகளில் வரும் ஃபுளோரைடை யாரும் மிகையூட்டம் என்று எழுத மாட்டார்கள். அது பாறையிலிருந்து கரைந்து வருவது. ஆனால் அதே ஊரின் ஏரியில் ஆகாயத்தாமரை மூடியிருந்தால் இரண்டையும் சேர்த்து 'தண்ணீர் மாசு' என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். காரணமும் வேறு, தீர்வும் வேறு.

பாசிப்பெருக்கம் என்பது குறிப்பிட்ட ஒரு சமயத்தில் பாசி திடீரென்று பொங்குவது. அது சில நாட்களில் அடங்கிவிடலாம். மிகையூட்டம் அடங்கியதாக ஆகாது. காய்ச்சலுக்கும் நோய்க்கும் உள்ள உறவு இது. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது பிஓடி, மட்கும் கழிவு எவ்வளவு ஆக்சிஜனைக் கேட்கிறது என்பதன் அளவு. அது ஊட்டத்தின் அளவு இல்லை. தூர்ந்துபோதல் என்றால் மண் சேர்ந்து ஆழம் குறைவது. மிகையூட்டம் அதை வேகப்படுத்தும், அவ்வளவுதான்.

நான்காம் படி: இயற்கையா, மனிதரா என்று கேளுங்கள்

பாடங்களில் இயற்கை மிகையூட்டம், மனிதரால் நேரும் மிகையூட்டம் என்று இரண்டு வகை வரும். பனியாறு குடைந்து உண்டான ஏரி ஒன்று பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல ஊட்டம் சேர்ந்து சதுப்பாவது முதல் வகை. மனிதர் கை பட்டால் அதே வேலை சில பத்தாண்டுகளில் முடிந்துவிடும். இது இரண்டாம் வகை. இந்த இரண்டாவதை நேர்மொழிபெயர்ப்பாகக் 'கலாச்சார மிகையூட்டம்' என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி எழுத வேண்டாம். திருவிழாவால் ஏரி கெட்டது போன்ற பொருள் வருகிறது. 'மனிதரால் நேரும்' என்றே எழுதுங்கள்.

நம் ஊர்களுக்கு இந்தப் பாகுபாடு அப்படியே பொருந்துவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாரூர் ஏரியோ தர்மபுரி ராமக்காள் ஏரியோ தானாக உண்டானதில்லை. மழைநீரைத் தேக்க மனிதர்கள் கரை கட்டிய ஏரிகள். கோடையில் வற்றும் ஏரிகளில் ஆடு மாடு மேயும், சேறு வெடிக்கும். அந்த நாளில் வண்டியில் வண்டல் அள்ளிக் கொல்லைக்கு அடிப்பார்கள். அந்த வண்டலோடு பாஸ்பரஸும் ஏரியை விட்டு வயலுக்குத் திரும்பிப் போனது. 'ஏரி மண் அடிச்சா ரெண்டு வருஷத்துக்கு உரம் வேண்டாம்' என்று எங்கள் பாட்டி சொல்வார். உள்சுமையை இறக்கும் வேலையை, அந்தப் பெயர் தெரியாமலே ஆண்டுதோறும் செய்துகொண்டிருந்தார்கள். இன்று ஆண்டு முழுக்கச் சாக்கடை இறங்கும் ஏரி வற்றுவதே இல்லை. வற்றாத ஏரியில் வண்டல் அள்ள முடியாது. 'எங்கள் ஏரியில் எப்போதும் தண்ணீர் இருக்கிறது' என்று மகிழ்வதற்கு முன், அது என்ன தண்ணீர் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஐந்தாம் படி: ஏரிக்குப் போய்ப் பாருங்கள்

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு முறை போக வேண்டும்: சூரியன் எழும் முன் ஒரு முறை, மதியம் மூன்று மணிக்கு ஒரு முறை. காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறதா என்று பாருங்கள். மதியம் தண்ணீரின் நிறம், வாடை, மேலே ஏடு கட்டியிருக்கிறதா என்பதைக் குறியுங்கள். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் தாள் மீன் தொட்டிக்கடையில் கிடைக்கும்; அது இருந்தால் இரண்டு வேளையும் நனைத்துப் பாருங்கள். பாசி கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் மதியம் பிஎச் 9ஐத் தாண்டலாம். காலைக்கும் மதியத்துக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் பாசி பலமாக வேலை செய்கிறது என்று பொருள்.

பச்சை எந்தப் பச்சை என்பதும் முக்கியம். ஒரு குச்சியை விட்டு எடுங்கள். முடி போல நூல் நூலாகத் தொங்கினால் அது இழைப்பாசி. பெயின்ட் பூசியது போல ஒட்டினால் நீலப்பச்சைப் பாசி என்று சந்தேகப்பட வேண்டும். அது பெயரளவில்தான் பாசி. உண்மையில் பாக்டீரியா இனம். கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்கு பிடித்து ஓர் இரவு ஆடாமல் வையுங்கள். காலையில் பச்சை மேலே மிதந்து வளையம் கட்டியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. அந்த இனங்களில் பலவற்றுக்கு மிதப்பதற்கான காற்றறைகள் உண்டு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஏடு கட்டிய இடத்தில் இறங்காதீர்கள், மாட்டையும் அங்கே குடிக்க விடாதீர்கள். இது வெறும் பயமில்லை. ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் இப்படிப்பட்ட ஏட்டைக் குடித்து கால்நடைகள் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் 1878இலேயே பதிவு செய்திருக்கிறார். நீலப்பச்சைப் பாசிகள் உண்டாக்கும் நச்சுகளில் ஒன்றான மைக்ரோசிஸ்டின்-எல்ஆருக்குக் குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அந்த நச்சு போகாது.

அடுத்து தெளிவை அளப்பது. 1865இல் இத்தாலியரான ஆஞ்சலோ செக்கி தொடங்கிவைத்த முறை இது. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தட்டை நான்காகப் பிரித்து கறுப்பு, வெள்ளை மாற்றி மாற்றிப் பூசி, கீழே கல் கட்டி, கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டால் கருவி தயார். பரிசலிலோ மதகின் மேல் நின்றோ இறக்கி, தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறியுங்கள். 1977இல் கார்ல்சன் வகுத்த ஊட்டநிலைக் குறியீட்டின்படி 2 மீட்டர் என்றால் 50, 1 மீட்டர் என்றால் 60, அரை மீட்டர் என்றால் 70. 50ஐத் தாண்டினால் மிகையூட்டம், 70ஐத் தாண்டினால் கடும் மிகையூட்டம்.

ஆனால் நம் செம்மண் பூமியில் இந்தத் தட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. மழை பெய்த வாரத்தில் எந்த ஏரியும் டீ போலத்தான் இருக்கும். தட்டு மறைவது மண் கலங்கலால்; பாசியால் இல்லை. மழை நின்று இரண்டு மூன்று வாரம் கழித்து, தண்ணீர் தெளிந்த பிறகு அளந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

ஆறாம் படி: பரிசோதனை அறிக்கையை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை ஏ முதல் இ வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. மீன் வளர்ப்புக்கான டி வகைக்குக் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். ஆனால் அந்த வகைப்பாட்டின் அளவுகோல்களில் பாஸ்பரஸ் இல்லவே இல்லை. அதனால் 'டி வகையில் தேறியது' என்ற அறிக்கை, மிகையூட்டம் இல்லை என்று சொல்லவில்லை. மாதிரியை மதியம் எடுத்திருந்தால் ஆக்சிஜன் அளவு நன்றாகவே காட்டும் என்பதையும் இரண்டாம் படியில் பார்த்தோம். மாதிரி எடுத்த நேரத்தைக் கேளுங்கள். 'மொத்த பாஸ்பரஸ்' என்று தனியாக எழுதிக் கேளுங்கள்.

எண்களை ஒப்பிட ஓஇசிடி, அதாவது பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பு, வகுத்த எல்லைகள் உதவும். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் மொத்த பாஸ்பரஸ் வரை குறையூட்ட ஏரி. 10 முதல் 35 வரை இடையூட்ட ஏரி. 35 முதல் 100 வரை மிகையூட்ட ஏரி. அதற்கு மேல் கடும் மிகையூட்டம். பெரும்பாலும் குளிர்நாட்டு ஏரிகளை வைத்து வகுத்தவை இவை என்பதால் திசைகாட்டியாக மட்டும் கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு இடத்தில் கால் இடறும். ஆய்வகம் மில்லிகிராமில் கொடுக்கும். 100 மைக்ரோகிராம் என்பது 0.1 மில்லிகிராம். 0.1 என்பதைப் பார்த்துவிட்டு 'அட, கொஞ்சம்தான்' என்று நினைத்துவிடக் கூடாது. இன்னொன்று, பாஸ்பரஸ் என்று போட்டிருக்கிறதா, பாஸ்பேட் என்று போட்டிருக்கிறதா என்பது. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் எடையும் சேர்ந்திருப்பதால் எண் மூன்று மடங்காகத் தெரியும், 0.3 மில்லிகிராம் பாஸ்பேட்டில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 0.1தான்.

ஏழாம் படி: வாக்கியத்தில் வையுங்கள்

மிகையூட்டம் பெயர்ச்சொல். 'ஏரி மிகையூட்டம் அடைந்துள்ளது', 'ஏரி மிகையூட்ட நிலையில் உள்ளது' என்று எழுதலாம். 'மிகையூட்டமான மீன்', 'மிகையூட்டத் தொழிற்சாலை' என்றெல்லாம் எழுத முடியாது. இந்தச் சொல் ஒட்டுவது நீர்நிலையோடுதான். குழந்தைக்குச் சாப்பாடு அதிகமாகக் கொடுப்பதற்கும் இதைப் பயன்படுத்துவதில்லை.

சில வாக்கியங்களைத் திருத்திக் காட்டுகிறேன்.

"மிகையூட்டத்தால் ஏரியில் சாக்கடை கலந்தது." இதில் காரணமும் விளைவும் தலைகீழ். "சாக்கடை தொடர்ந்து கலந்ததால் ஏரி மிகையூட்டம் அடைந்தது" என்பதே சரி.

"நேற்று இரவு ஏற்பட்ட மிகையூட்டத்தால் மீன்கள் செத்தன." ஓர் இரவில் ஏற்படுவது ஆக்சிஜன் குறைவு. "மிகையூட்டம் அடைந்த ஏரியில் நேற்று இரவு ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்ததால் மீன்கள் செத்திருக்கலாம்." 'இருக்கலாம்' என்பதையும் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்தாலும் ஆலைக் கழிவாலும் மீன் சாகும். சோதிக்காமல் உறுதியாக எழுதுவது தவறு.

"ஆகாயத்தாமரை ஏரியை மிகையூட்டம் ஆக்கிவிட்டது." தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி ஊட்டத்தைக் கொண்டுவரவில்லை, இருந்த ஊட்டத்தைத் தின்று பெருகியது. "மிகையூட்டம் அடைந்ததால் ஏரியில் ஆகாயத்தாமரை பெருகியது" என்று எழுதினால், செடியை வாரினால் மட்டும் போதாது என்பது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

தேர்வில் நான்கு மதிப்பெண் கேள்வி வந்தால் வரையறை, ஊட்டத்தின் ஊற்று, ஆக்சிஜன் குறைவு, உள்சுமை – இந்த வரிசை போதும்.

எட்டாம் படி: மனுவைத் திருத்தி எழுதுங்கள்

சொல்லைச் சரியாகப் பிடித்த பிறகு எங்கள் ஊர் மனுவை மறுபடி எழுதினோம். இந்த முறை இப்படி இருந்தது:

"எங்கள் ஏரி மிகையூட்டம் அடைந்துள்ளது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் திணறுவதையும், மதியத்தில் நீர் பச்சை ஏடு கட்டுவதையும் நாள் வாரியாகக் குறித்து இணைத்துள்ளோம். ஏரிக்குள் இறங்கும் கழிவுநீர் வாய்க்கால்கள் இரண்டையும் வரைபடத்தில் காட்டியுள்ளோம். ஆகவே, ஒன்று: அந்த இரு வாய்க்கால்களையும் தடுத்து, சுத்திகரித்த பிறகே நீரை ஏரிக்குள் விட வேண்டும். இரண்டு: விடியற்காலையில் எடுத்த மாதிரியில் கரைந்த ஆக்சிஜனையும், மொத்த பாஸ்பரஸையும் சோதித்து அறிக்கை தர வேண்டும். மூன்று: அகற்றும் ஆகாயத்தாமரையைக் கரையில் குவிக்காமல், நீர் திரும்பி இறங்காத தூரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நான்கு: ஏரி வற்றும் காலத்தில் வண்டல் அள்ள விவசாயிகளுக்கு அனுமதி தர வேண்டும்."

வண்டலைக் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. வீட்டுச் சாக்கடை மட்டும் இறங்கிய ஏரி என்றால் வண்டலைக் கொல்லைக்கு அடிக்கலாம். தொழிற்பேட்டைப் பக்கத்துக் கழிவு இறங்கிய ஏரி என்றால், கன உலோகச் சோதனை முடியாமல் அந்த மண்ணை வயலுக்குக் கொண்டுபோகக் கூடாது.

கழிவு நின்றால் ஏரி மீளுமா என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரியைச் சொல்லலாம். நகரக் கழிவுநீர் விழுந்து பச்சையாகிக்கொண்டிருந்த ஏரி அது. 1963 முதல் 1968 வரை கழிவுநீரைப் படிப்படியாக வேறு பக்கம் திருப்பினார்கள். சில ஆண்டுகளிலேயே தண்ணீர் தெளிந்தது. அது ஆழமான ஏரி. நம்முடையவை ஆழம் குறைந்தவை, அடிச்சேறு கையெட்டும் தூரத்தில் இருப்பவை. அதனால் இங்கே வாய்க்காலையும் சேற்றையும் இரண்டையுமே பார்த்தாக வேண்டும்.

மனுவின் முதல் கோரிக்கையில் ஒரு வாய்க்கால் இப்போது திருப்பப்பட்டிருக்கிறது. இன்னொன்று இன்னும் இறங்குகிறது. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிக் கோடி போய், அதாவது உபரிநீர் வழிந்து போன பிறகு, தண்ணீர் தெளியட்டும் என்று மூன்று வாரம் விட்டு, பெரியவரும் நானும் தட்டை இறக்கிப் பார்த்தோம். ஆறாவது முடிச்சில் மறைந்தது. போன வருஷம் நான்காவது முடிச்சு.